கட்டுமரத்தை அவிழ்த்த முடிச்சு

உலகத்தில் கட்ட முடியாத பொருள் ஒன்று உண்டு என்பதை முடிச்சு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பர்மா சண்டையில் திருவொற்றியூர்க்காரனான என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன் அவன், ராயபுரத்து மீன்பிடிக்காரன். பட்டாளத்தில் சேரும்போது ஏதோ ஒரு பெயர் கொடுத்திருப்பான். அது ஹவில்தாருக்கே மறந்துவிட்டது; எல்லாருக்கும் அவன் முடிச்சுதான்.

இடுப்பில் எப்போதும் கயிறு. தகரக் குவளையைக் கட்டுவான், கோவேறு கழுதையைக் கட்டுவான். தூக்கத்தில் உருண்டு மழையில் போய்ப் படுக்கிறேன் என்று ஒருநாள் என் காலைக் கூடாரக் கம்பத்தில் கட்டிவிட்டான். அபாயச் சங்கு ஊதியது. நான் கூடாரத்தையும் இழுத்துக்கொண்டே பதுங்குகுழிக்கு ஓடினேன்.

"கூடாரம் தப்ச்சிச்சா இல்லியா? அத்தச் சொல்லு" என்றான்.

ஒரு காலை, ஆற்றுக்கு அக்கரையில் எதிரி இருக்கிறானா என்று பார்த்துவர எங்கள் ஆறு பேரை அனுப்பினார்கள். படகு கிடையாது. முடிச்சு ஐந்து மரங்களைச் சேர்த்து ஒரு கட்டுமரம் கட்டினான். சௌக்கியமாக அக்கரை சேர்ந்தோம். அதற்குக் காவலாக அவனை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனோம்.

எதிரி இருந்தான். தொடையில் குண்டு பாய்ந்த என்னைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஆற்றங்கரைக்கு ஓடிவந்தால், கட்டுமரத்தைக் காணோம். ஐந்து மரங்களும் மணலில் தனித்தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ராயபுரத்தில் கரைக்கு வந்ததும் கட்டுமரத்தை அவிழ்த்துக் காயப்போடுவது வழக்கம். முடிச்சு பர்மாவிலும் வழக்கத்தை விடவில்லை.

"ஏல, என்னல செஞ்சு வச்சிருக்க?" என்றார் திருநெல்வேலிக்காரரான ஹவில்தார். அவர் திட்டுகிறாரா அழுகிறாரா என்றே தெரியவில்லை.

"கட்ட தண்ணி குட்ச்சிகினு கீது சார். காயலன்னா இத்தினி பேரத் தாங்காது."

பின்னால் துப்பாக்கிச் சத்தம் நெருங்கியது. எங்கள் முகாம் டாக்டர் இருந்தது எதிர்க்கரையில். எனக்கோ ரத்தம் நிற்கவில்லை. பாதி பீடி புகைக்கும் நேரத்துக்குள் முடிச்சு ஐந்து மரங்களையும் கட்டித் தண்ணீரில் தள்ளிவிட்டான். "காஞ்சதால எப்டி மெதக்குது பாரு" என்று பெருமை வேறு.

மயக்கத்தில் நான் நழுவிவிடாமல் இருக்க, என் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினான்.

"நான் முழுகுனா நீயும் முழுகுவேடா" என்றேன்.

"தெரிஞ்சிதான் நைனா கட்னேன். கம்முனு கெட."

எதிர்க்கரையில் டாக்டர் எங்களைப் பார்த்து, இருவரில் நோயாளி யார் என்று கேட்டார். குண்டை எடுத்தபோதும் முடிச்சு பக்கத்திலேயே நின்றான்.

"அதான் கரைக்கு வந்துட்டோமேடா, அவுக்கலியா?" என்றேன்.

"நீ பொழச்சிக்குவேன்னு டாக்டரு சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

டாக்டர் அதைச் சொல்ல மறுநாள் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை முடிச்சு என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையாலேயே சாப்பிட்டான். பிறகு சொன்னபடி அவிழ்த்துவிட்டு, கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தான். பிழைத்துக்கொண்டவன் சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு, இன்னும் கொஞ்ச நேரம் அவன் அவிழ்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.