எண்ணெய்த் தலைகளின் செனட்

அமெரிக்க செனட் சபை இன்றுவரை ஒரு ஜனாதிபதியைக்கூடப் பதவியிலிருந்து இறக்கியதில்லை. விசாரிப்பார்கள், பேசுவார்கள், ஓட்டெடுப்பார்கள், கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் குற்றாலத்து செனட்டர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இடுப்பில் ஈரத்துண்டோடும் கை நிறைய எண்ணெயோடும் நின்று ஒரு தலைவரை இறக்கியே காட்டினார். இதை எந்த நாட்டுக்காரனிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

பேரருவிக்குப் போகிற பாதையோரம் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டிருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பலகை. மசாஜ்காரர்கள் சங்கத் தலைவருக்கு முதல் பலகை என்பது அங்கே வழக்கம். குளிக்க வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். சாரல் ஏமாற்றிய சீசனில்கூட அந்தப் பலகை காலியாகக் கிடக்காது. பன்னிரண்டாவது பலகை கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே யாராவது வந்தால் மசாஜுக்கு வந்ததாக நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

முதல் பலகைக்காரர்தான் செனட்டர். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு காதில் எப்போதும் செல்போன் ஒயரை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். நம்ம ஊர் வார்டு கவுன்சிலர் யாரென்று கேட்டால் முழிப்பார். அமெரிக்காவில் கீழ்சபை குற்றம் சாட்டும், மேல்சபை விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் ஜனாதிபதி வீட்டுக்குப் போவார் என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். பலகை வரிசையிலேயே அதே மாதிரி ஒரு சபையும் நடத்திவந்தார்.

நான் அப்போது தென்காசியில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். சீசன் வந்தால் ஞாயிறு காலையில் பஸ் பிடித்துக் குற்றாலம் போய்விடுவேன். என் தலையில் முடி கிடையாது. அதை உலகத்தில் முதன்முதலாகப் பாராட்டிய மனிதர் செனட்டர்தான்.

"சார், ஒங்க தலை நமக்கு ரொம்பத் தோது. சபையில சத்தம் போட்டா தட்டுததுக்கு ஒண்ணு வேணும்லா?"

அதற்குப் பிறகு கூட்டத்தில் யாராவது குரலை உயர்த்தினால் என் மண்டையில்தான் இரண்டு அடி விழும். "அமைதி! அமைதி!" இரண்டு கையையும் குழித்துத் தட்டும்போது வருகிற சத்தம் அருவி இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். வலிக்காது. சொல்லப்போனால் சுகமாகவே இருக்கும். ஜனநாயகத்துக்கு இவ்வளவு பயன்பட்ட தலை எங்கள் வம்சத்தில் வேறு யாருக்கும் அமையவில்லை.

பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் கீழ்சபை. எண்ணெய் தேய்த்துப் பலகையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல்சபை. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "காத்திருக்கவன் எந்திரிச்சுப் போயிருவான் சார். எண்ணெய் தேச்சவன் எங்கன போவான்? அவன்தான் நின்னு விசாரிப்பான்" என்றார். நியாயம்தானே!

அந்த வருடம் சபைக்கு வந்த வழக்கு அமெரிக்க ஜனாதிபதி மேல். குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, பிழைக்க வந்தவர்களை விரட்டுகிறார். இரண்டு, வெளிச்சரக்குக்கு வரியை ஏற்றுகிறார். பதவியிலிருந்து இறக்கலாமா, கூடாதா?

வாதி, கடையநல்லூர் ஜவுளி பாய். துண்டு ஏற்றுமதி செய்கிறவர். வரி ஏறியதும் அவர் துண்டு குடோனிலேயே படுத்துவிட்டது. எதிர்த்தரப்பு, இலத்தூர்ப் பெரியவர். வயலும் தோப்பும் உள்ள குடும்பம். மகன் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டான்.

"அவன் நாடு, அவன் கதவு. அடைக்கான். ஒமக்கு என்னவே?" என்பார் பெரியவர்.

"ஒங்க மவன் அந்தக் கதவு வழியாத்தானே போனான்?" என்று பாய் மடக்குவார்.

"அவன்தான் உள்ள போயாச்சுல்லா! இனி அடைச்சா என்ன?"

இப்படி ஒளிவுமறைவில்லாத வாதத்தை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. பாய் சளைக்காமல் ஒரு துண்டைச் சாட்சியமாக விரித்துக் காட்டினார். மரத்திலிருந்து இறங்கிய குரங்கு ஒன்று அதைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய்விட்டது. "பாத்தீரா, வரியில்லாம எடுத்துட்டுப் போறான்!" என்று பெரியவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். செனட்டர் என் தலையில் நாலு தட்டுத் தட்டிச் சபையை அடக்க வேண்டியதாயிற்று.

முதல் ஓட்டெடுப்பில் ஒரு சிக்கல் வந்தது. இறக்கலாம் என்பவர்கள் மேலும் கீழும் தலையாட்ட வேண்டும் என்று செனட்டர் அறிவித்தார். அப்போது அவர் கைக்குள் இருந்தது பெரியவரின் தலை. எண்ணெயை அழுத்தித் தேய்த்த தேய்ப்பில் அது மேலும் கீழும் நன்றாகவே ஆடியது.

"ஒரு ஓட்டு" என்றார் செனட்டர்.

"எவம்லே ஓட்டுப் போட்டது? நான் ஆட்டல ஓய், நீருல்லா ஆட்டுதீரு!"

எல்லோரும் சிரித்தோம். செனட்டர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வாடிப்போயிற்று. உடனே ஓட்டெடுப்பை ரத்து செய்தார். இனி ஓட்டெடுப்பின்போது எந்த மசாஜ்காரனும் எந்தத் தலையிலும் கை வைக்கக் கூடாது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே விதி போட்டார். விதி என்றால் அவருக்கு அவ்வளவு பக்தி. முன்பு ஒருமுறை இப்படித்தான், ஆளாளுக்கு நச்சரித்து சங்கத்து அறிவிப்பு போர்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று எரிச்சலாகி, "ஒரு தலைவர் வைத்த போர்டை அவர் தலைவராக இருக்கும்வரை எடுக்கக் கூடாது" என்று சங்கத்தில் ஒரு விதி கொண்டுவந்திருந்தார். அந்த விதிதான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

ஆடி மாதத்து ஞாயிறு. ஒன்பது பலகையில் எண்ணெய்த் தலைகள். வழக்கின் இறுதி வாதம் நடந்துகொண்டிருந்தது. செனட்டர் என் தலையைப் பிசைந்துகொண்டே இரண்டு குற்றச்சாட்டையும் உரக்கச் சொல்லி முடித்தார். "பொழைக்க வந்தவனை வெரட்டுதது ஒண்ணு! வெளிச்சரக்கை மடக்குதது ரெண்டு!"

அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் பலகைக்காரர் ஓர் ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு பை, பைக்குள் எண்ணெய்க் குப்பிகள்.

"அண்ணாச்சி, இவன் புளியரைக்கு அந்தப் பக்கத்து ஆளு, கேரளாக்காரன். மசாஜ் பண்ண வந்திருக்கான். எண்ணெயும் அவனே கொண்டாந்திருக்கான். நம்ம கேரளா கஸ்டமர் பூரா இவன்ட்ட போயிருவான். என்னன்னு கேளுங்க."

வந்தவர் பெயர் சசி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை போய்விட்டதாம். அப்பன் சொல்லிக்கொடுத்த உழிச்சல் என்கிற மசாஜ் கைவசம் இருக்கிறது. சீசன் மூன்று மாதம் இங்கே பலகை கிடைத்தால்தான் வருடத்துக்கு அடுப்பு எரியும் என்றார். கண் கலங்கவில்லை, கெஞ்சவும் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

"போர்டைப் பாத்தியாப்பா?" என்றார் செனட்டர். முந்தின வருடம் சங்கத்தார் நெருக்கியதால் அவரே வைத்த போர்டு.

"எனிக்கு தமிழ் பேச அறியும் சேட்டா. வாயிக்கான் அறியில்லா. ஒண்ணு வாசிச்சுச் சொல்லுமோ?"

படிக்கத் தெரியாது, நீங்களே வாசித்துச் சொல்லுங்கள் என்கிறார். அவ்வளவுதானே என்று செனட்டர் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"வெளியூர் ஆட்கள் இங்கே மசாஜ் செய்ய அனுமதி இல்லை. வெளி எண்ணெய் கொண்டு வரக் கூடாது. இப்படிக்கு..."

என் தலைமேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன. பத்து விரலும். மற்றவர்கள் பார்த்தது அவர் முகத்தைத்தான். அந்த மனிதருக்குள் என்ன இடிந்தது என்பது என் தலைக்குத்தான் தெரியும்.

"இப்படிக்கு, தலைவர்" என்று மிச்சத்தையும் வாசித்து முடித்தார். பாதியில் விடுகிற ஆளில்லை அவர்.

பிறகு செனட்டர் காதிலிருந்த ஒயரைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினார். "அமெரிக்கா கேசு ஒத்தி வைக்கப்படுது. அதே ரெண்டு சார்ஜுல இன்னொரு தலைவர் மேல கேசு வந்திருக்கு. பாய், வாங்க. நீங்கதான் இனி சபைத் தலைவர். நான் குற்றவாளி."

பாய் பதறினார். "அண்ணாச்சி, அந்த ஆளு பாட்டுக்குப் பண்ணிட்டுப் போகட்டும், இதுக்குப் போயி..."

"போர்டு இருக்கையில எப்படிப் பண்ணுவான்? நான் தலைவரா இருக்கமுட்டும் போர்டை எடுக்கப்படாது. நான் போட்ட விதிதான். தலைவர் மாறுனாத்தான் போர்டு போவும்."

ஒன்பதாம் பலகைக்காரர் குறுக்கே வந்தார். "கஸ்டமரு எப்படி அண்ணாச்சி சங்கத் தலைவரை இறக்க முடியும்?"

"எல்லாவனும் தலையைக் குடுத்து நம்பி உக்காந்திருக்கான்லா? அவனை விட எவனுக்குலே உரிமை?"

குற்றவாளிக்காக வாதாட எழுந்தவர் யார் தெரியுமா? இலத்தூர்ப் பெரியவர்! பழைய வாதத்தையே தூசி தட்டி எடுத்தார். "தலைவர் செஞ்சதுல என்னவே தப்பு? அவரு அருவி, அவரு கரை. எவனையும் விடணும்னு அவருக்கு என்ன விதி?"

தன் பதவியைக் காப்பாற்ற வந்த மனிதரைச் செனட்டர் விழுங்கிவிடுவதுபோல் பார்த்தார். "அருவியை எங்க அப்பனா வெட்டிவிட்டான்? சாரலே அந்தப் பக்கத்துல இருந்துதானய்யா மலை ஏறி வருது! அதுக்கு எவன் விசா கேட்டான்? போர்டைப் பாத்துட்டு மழை திரும்பிப் போயிருந்துன்னா, நான் யாருக்கு எண்ணெய் தேய்ப்பேன், நீரு எதுல குளிப்பீரு?"

செனட்டர் குரலைத் தாழ்த்தினார். "சின்ன வயசுல நானும் கல்ஃபுக்குப் போனவன்தான். பேப்பர் சரியில்லன்னு போட்டிருந்த சட்டையோட திருப்பி அனுப்பிட்டான். அன்னைக்கு அவனை வஞ்ச வசவு கொஞ்சமா? இன்னைக்கு அதையே நான் எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். தூத்தேறி!"

பாய் ஓட்டெடுப்பை அறிவித்தார். ஒன்பது தலைக்கு ஆறு வேண்டும். எல்லா மசாஜ்காரர்களும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். செனட்டரும்தான். முதல் பலகையிலிருந்து தன்னை இறக்குவதற்கு அந்த மனிதர் எவ்வளவு ஒழுங்காக நின்றார் என்கிறீர்கள்!

பாய் கடைசிப் பலகையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். ஐந்து தலை ஆடியது. மூன்று ஆடவில்லை, அதில் பெரியவர் தலையும் ஒன்று. மிச்சம் என் தலை.

ஆட்டினால் அவர் பலகை போகும், பிழைப்பு பாதியாகும். ஆட்டாவிட்டால் சசி பையைத் தூக்கிக்கொண்டு புளியரை பஸ் ஏற வேண்டும். திரும்பிச் செனட்டரைப் பார்த்தேன். மூன்று வருடமாக என் தலையை உருட்டி விளையாடியவர், ஆட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் தலையாட்டினேன். யார் கையும் என் தலைமேல் இல்லை.

"தீர்மானம் நிறைவேறியது" என்றார் பாய். செனட்டர் நேரே போய் போர்டைப் பிடுங்கினார். எழுத்துப் பக்கம் தரையைப் பார்க்கக் கழிப்பறையோரம் போட்டார். "சசி, இதுதான் ஒனக்குப் பலகை. பதிமூணாவது. பன்னிரண்டாவதுல நான் இருக்கேன். ஒனக்கு ஏதும்னா கூப்பிடு."

ஒன்பதாம் பலகைக்காரர் புதுத் தலைவரானார். முதல் பலகை இப்போது அவருடையது. அவர் பக்கத்தில் அரசியல் பேச்சே கிடையாது, சுத்தமான தொழில். எண்ணெயும் நல்ல எண்ணெய். என்னைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும், "சார், இங்கன வாங்க, காலியாத்தான் இருக்கு" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

போன ஞாயிறும் கூப்பிட்டார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே நடந்தேன். கழிப்பறையோரப் பலகைகளுக்கு முன்னால் பெரிய வரிசை நின்றது. எனக்கு முன்னால் ஏழு பேர், அதில் இலத்தூர்ப் பெரியவரும் ஒருவர். அமெரிக்கா கேசு மறுபடியும் சூடு பிடித்திருந்தது. ஒரே கூச்சல். அதற்குள் செனட்டர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏய், அந்த சாரை முன்னால விடுங்கப்பா! எவ்வளவு நேரமா தட்டுததுக்கு ஒரு தலை இல்லாமக் கெடந்து சாவுதேன்!"

வரிசை விலகி வழிவிட்டது. அவரை இறக்கிய தலையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.