நிமிஷத்துக்கு நூத்தியிருபது

"ஜெயிச்சா அந்த உள் ரூம் உங்களுக்கு. தோத்தா எனக்கு. ஏதாவது கோல்மால் பண்ணீங்கன்னு தெரிஞ்சா, ஜெயிச்சாலும் எனக்குத்தான். சரியா?"

ராத்திரி டியூட்டி முடிந்து வந்த நர்ஸம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். அவள் புருஷன், அதாவது நம்ம ஆள், நெஞ்சை நிமிர்த்தி "சரி!" என்றார். முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிப்பது அவர் வழக்கம்.

நம்ம ஆளுக்குத் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. மத்தியான ஷிப்ட். காலை முழுக்க உள்ளறையில் பேஸ் கிட்டாரும் கையுமாக இருப்பார். மனைவி தூங்குகிற நேரமே அதுதான். தெருப் பக்க அறையில் அவளுக்கு ஒரு காதில் பஸ் ஹாரன், இன்னொரு காதில் இவர்.

"உங்க வாசிப்பு காதுல கேக்கலைங்க, கட்டில்ல கேக்குது! முதுகெலும்பே அதிருது! நான் மனுஷியா, மத்தளமா?"

"ஆபீஸ் பேண்டுல ஒரு இடம்தாண்டி காலி! விட்டா போச்சு!"

அந்த இடத்துக்கு பேண்டின் டிரம்ஸ்காரர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். தாளம் காட்டுகிற மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 120 தட்டு தட்டும். தட்டுக்கு நாலு சுரம். ஒரு நிமிஷம் சீராக, சுத்தமாக வாசிக்க வேண்டும். அதையே மூன்று வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, தன் முன்னால் வாசித்துக் காட்டச் சொன்னாள் மனைவி.

நம்ம ஆளுக்கு 104 வரை தண்ணி பட்ட பாடு. 108 ஆனால் போதும், ஆள்காட்டி விரல் அதட்டும், நடுவிரல் முனகும், யாரும் தொடாத தந்தி தன் பாட்டுக்கு ஊளையிடும். 120 எட்டாக் கனி.

அப்போதுதான் அந்த அருமையான மூளை வேலை செய்தது. சாவி கொடுக்கிற பழைய மெட்ரோனோம் அது. ஆடுகிற கம்பியின் உச்சியில் பாரம் ஏறினால் ஆட்டம் மந்தமாகும். ஒரு சூயிங்கத்தை மென்று, கம்பிக்குப் பின்பக்கம் அப்பினார். ஃபோனில் நேரம் பார்த்து எண்ணினார். காட்டுவது 120, ஆடுவது 104. ஆகா!

முதல் வாரம் சுகமாகப் போயிற்று. இரண்டாவது வாரம் தட்டு என்னவோ துரத்துகிற மாதிரி இருந்தது. வயசாகிவிட்டதோ என்று பயந்துபோனார். நகத்தை ஒட்ட வெட்டினார். இரண்டு விரலும் ஒரே அழுத்தத்தில் விழும்வரை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசித்தார். சும்மா கிடக்கிற தந்தியைக் கட்டைவிரலால் அமுக்கப் பழகினார். ஆனால் கம்பியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க மட்டும் மனசாட்சி கூசியது.

ஞாயிறு வந்தது. மனைவி முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தடங்கல் வந்தா நிறுத்திடுவேன்."

"தெரியும்."

"விரலை ஏன் உதறறீங்க?"

"பயமில்ல. சூடேத்தறேன்."

ஆரம்பித்தார். பத்து செகண்ட். இருபது. முன்கை கல்லாய் இறுகியது. நாற்பதில் நடுவிரல் வழுக்கப் பார்த்தது. பல்லைக் கடித்து இழுத்துப் பிடித்தார். ஐம்பத்தைந்தில் மூச்சு விட மறந்தே போனார். அறுபது! ஒரு சுரம் பிசகவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

மெட்ரோனோம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி கைக்கடிகாரத்தைத் திருப்பினாள்.

"இருங்க. நாடி பாக்கற மாதிரி இதையும் ஒரு தடவை எண்ணிடறேன்."

நம்ம ஆளுக்கு வேர்த்துக் கொட்டியது. கால் நிமிஷத்துக்கு இருபத்தாறு என்றால் 104, தொலைந்தோம். அவள் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினைந்து செகண்டில் அவர் நாடியை யாராவது பார்த்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள்.

"முப்பது. நாலால பெருக்கினா நூத்தியிருபது. ஜெயிச்சுட்டீங்க!"

புத்தியுள்ள எவனும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"இருக்கவே முடியாது! நூத்தி நாலுதான் இருக்கணும்! சூயிங்கம் ஒட்டி நானே எண்ணிப் பார்த்..."

பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சூயிங்கம்?" என்றாள் மனைவி, பரம சாதுவாக.

அவருக்கு முழி பிதுங்கியது. அவளே சிரித்துவிட்டாள்.

"முதல் வாரமே தூசி தட்டறப்போ பாத்துட்டேன். நீங்க ஆபீஸ் போனதும் தினம் ஊசியால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டினேன். நேத்தோட தீர்ந்துபோச்சு."

"அப்போ... நான் நிஜமாவே நூத்தியிருபது வாசிச்சேனா?"

"சத்தியமா. சுத்தமா, அழகா வாசிச்சீங்க."

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கே என்னைப் பிடிச்சிருக்கலாமேடி?"

"பிடிச்சிருந்தா நீங்க பேண்டுல எப்படிச் சேருவீங்க? சேர்ந்தாத்தானே டிரம்ஸ்காரர் வீட்டு கராஜுல போய் வாசிப்பீங்க? வியாழக்கிழமையே அவர்கிட்ட பேசிட்டேன். தினம் காலைல எட்டுலேருந்து பன்னிரண்டு."

"சரி... ஜெயிச்சேன் இல்ல, ரூம்...?"

"கோல்மாலுக்கு என்ன பேச்சு?" என்றபடி மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு வந்து உள்ளறைத் தரையில் போட்டுப் படுத்தாள்.

"அந்தக் கதவைச் சாத்துங்க."

சாத்தினார்.

"வெளியில போய்ச் சாத்துங்க."