மைத்துனனுக்குப் படம் காட்டிய கதை

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு ஆளையாவது நல்ல சினிமா பார்க்க வைத்துவிட்டுத்தான் ஓய்வது என்று நான் தீர்மானித்தேன். அதை அறிவித்தபோது என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்த ஆள் என்ன பாவம் பண்ணினார்?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். காலையிலிருந்து மாலை வரை, "மேல் வரிசை தெரியுதா, கீழ் வரிசை தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு ஊராருக்குப் பார்வை கொடுக்கிறேன். அவர்கள் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நேரே போய்க் கண்ட படத்தையும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பதோ யாரும் காணாத படங்கள்.

யாரும் காணாத படம் என்றால் நிஜமாகவே யாரும் காணாதது. எடுத்தவரே முழுசாகப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். இதற்காக இணையத்தில் நாற்பது பேர் கொண்ட குழு ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு படத்தை நாற்பது பேரும் பார்த்துவிட்டால், அது ஜனரஞ்சகமாகிவிட்டது என்று பட்டியலிலிருந்து தூக்கிவிடுவோம். இதுவரை அப்படி எதையும் தூக்க நேரவில்லை.

வீட்டின் மூன்றாவது அறை என் கோட்டை. சுவரில் திரை, எதிரே ப்ரொஜெக்டர், அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க், நடுவில் என் சாய்வு நாற்காலி. சப்டைட்டில் பிரச்சினை இல்லை. என் படங்களில் யாரும் பேசுவதில்லை.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். யாரை உட்கார வைப்பது, யாரைக் கிளப்புவது என்பதில் பதினெட்டு வருட அனுபவம். டாக்டரே வீட்டுக்குக் கிளம்பும்போது அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் கிளம்புவாராம்.

அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை மாலை என்னை நெகிழ வைத்தாள்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். தினமும் மாலை எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்து தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். இடது காலை முடித்துவிட்டு வலது காலுக்கு வருவதற்குள் நான் இரண்டு தடவை டீ போட்டுவிடுவேன். அன்று அவரிடம் என் மனைவி சொன்னாள்.

"சார், இவர் இப்ப ஒரு படம் போடப் போறார். நீங்களும் இருந்து பாருங்களேன்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. வாத்தியாரை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். முன்வரிசை என்பது ஒரு ஸ்டூல். படத்தில் ஒரு பெண் பனிமூட்டத்தில் படகுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் காத்திருக்கிறாள். படகு வருகிறது. அவள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.

படம் முடிந்ததும் வாத்தியார் எழுந்தார். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விறுவிறுவென்று நடந்து போனார். கலை ஒரு மனிதனை இப்படிக் குணப்படுத்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆழமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வாரா வாரம் வரும் அம்மாளை மனைவி உட்கார வைத்தாள். அந்த அம்மாள் பாதியிலேயே மெஷினை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் சொந்த அக்காவும் அத்தானும் வந்தார்கள். இரண்டு வாரம் தங்குவதாக ஏற்பாடு. மூன்றாம் நாள் காலை பெட்டியோடு வாசலில் நின்றார்கள்.

"அத்தானுக்கு அவசர வேலையாம்," என்றாள் மனைவி.

"அத்தான் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சே."

"உங்க படம் பார்த்து மனசு கனத்துப் போச்சாம். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வேலைங்கறார்."

குழுவில் அன்றே எழுதினேன். என் வீட்டில் ஓர் இயக்கம் தொடங்கிவிட்டது, என் மனைவியே முன்னின்று ஆள் திரட்டுகிறாள் என்று. இருவர் கைதட்டல் பொம்மை போட்டார்கள்.

பத்து நாள் கழித்து மாடிப்படியில் வாத்தியார் எதிரே வந்தார்.

"தம்பி, படம் இன்னும் தினம் உண்டா?"

"தினமுமா? சனிக்கிழமை மட்டும்தான் சார்."

"உங்க வீட்டம்மா தினம் ஆறு மணிக்குன்னாங்களே. அன்னைக்குப் பார்த்ததுதான் இருக்கறதுலயே சின்னதுன்னாங்க. உங்க அக்காகிட்டயும் அதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. என் காதுல விழுந்துச்சு."

"அதனாலதான் நீங்க வரலையா?"

"நான் எதுவும் சொல்லலை தம்பி," என்று அவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார்.

எனக்கு மெல்லத்தான் விளங்கியது. என் இருபது வருட ரசனையை அவள் கொசுவர்த்திச் சுருளாகக் கொளுத்தி வைத்திருக்கிறாள்.

நான் அவளிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்கும் இலாகா என்னிடம் இல்லை. காத்திருந்தேன். வாய்ப்பு அவள் தம்பி உருவில் வந்தது.

மைத்துனன் ஏ.சி. மெக்கானிக் பயிற்சிக்காக எங்கள் ஊருக்கு வருகிறான். ஆறு மாதப் பயிற்சி. "ஒரு வாரம் நம்ம வீட்ல இருப்பான். அதுக்குள்ள ரூம் பார்த்துக்குவான்," என்றாள். அவனை எனக்குத் தெரியும். அவன் ஒரு சோபாவில் உட்கார்ந்தால், பிறகு அந்த சோபாவில் உட்கார அவனிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். என் அக்காவை மூன்று நாளில் அனுப்பினாள் அல்லவா, இவனை ஒரே நாளில் அனுப்புகிறேன் என்று சபதம் செய்தேன்.

என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். மூன்றரை மணி நேரப் படம். லாரிகளை எடை போடும் மேடை ஒன்று. அதைக் கவனித்துக்கொள்ள ஒரு கிழவர். லாரி வருமா என்று பார்க்கிறார். வரவில்லை. கறுப்பு வெள்ளை. எடுத்தவர் இந்த ஒரு படத்தோடு நிறுத்திவிட்டு டயர் கடை வைத்துவிட்டார் என்று குழுவில் சொன்னார்கள். நாற்பது பேரில் இதை முடித்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் பிறகு குழுவை விட்டே போய்விட்டார். சனிக்கிழமை இதைத்தான் போடப் போகிறேன் என்று வீட்டில் முன்கூட்டியே அறிவித்தும்விட்டேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் மைத்துனனைக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். மனைவி இஸ்திரி போட வேண்டியது இருக்கிறது என்று நழுவிவிட்டாள். கதவைச் சாத்தினேன். படம் ஓடியது. ஓடியது என்பது பேச்சுக்கு.

முடிந்ததும் விளக்கைப் போட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"கடைசி வரைக்கும் அந்த லாரி வரவே இல்லையே மாமா."

"வரலை," என்றேன், கிளம்புவான் என்று.

"வந்திருந்தா படம் செத்துப் போயிருக்கும்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னே?"

"அந்தக் கிழவர் ஹீரோ இல்லை மாமா. அசையாம நிக்குதே எடை முள், அதுதான் ஹீரோ. நாமளும் அப்படித்தானே நிக்கறோம்."

இருபது வருடமாக இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் திரை கட்டிவைத்திருந்தேன். பழி, சபதம், அக்கா, பெட்டி எல்லாம் மறந்துபோனது. அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள்.

"டேய், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ரூம் இருக்காம். நாளைக்கே போய்ப் பார்த்துடு."

"எதுக்கு ரூம்?" என்றேன் நான். "இங்க இல்லாத ரூமா?"

"இருக்கிற ஒண்ணுல உங்க சாமான் அடைஞ்சு கிடக்கே."

"பரண்ல போட்டுக்கலாம்."

"ஆறு மாசம்ங்க. உங்களுக்குத்தான் தொந்தரவு. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. ரசனை தெரிஞ்ச பிள்ளை. அவன் எங்கயும் போகக் கூடாது. இது என் முடிவு."

"நீங்க முடிவு பண்ணிட்டா நான் என்ன சொல்ல முடியும்," என்று அவள் அடங்கிப் போனாள்.

கல்யாணமாகி முதல் தடவையாக இந்த வீட்டில் என் முடிவு ஒன்று நிறைவேறியது. அன்று சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்குகள் பரணில் இருக்கின்றன. சாய்வு நாற்காலியில் அவன் ஈரத் துண்டு காய்கிறது. ப்ரொஜெக்டரில் அவன் கிரிக்கெட் பார்க்கிறான். "இன்னொரு படம் போடலாமா" என்று நான் கதவைத் தட்டிக் கேட்டால், "இன்னைக்கு ரொம்பக் களைப்பு மாமா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நல்ல படம் பார்த்தவனுக்கு அதிலிருந்து மீள நாளாகும் என்று நானும் திரும்பிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை துணியை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். அது என் இலாகா. அன்று படம் பார்க்கும்போது அவன் போட்டிருந்த சட்டை இப்போதுதான் துவைக்க வந்திருந்தது. அதன் பையில் மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. பல் டாக்டரின் தேதிச் சீட்டு. பின்பக்கம் என் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து.

"படம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதே. பத்து எண்ணு. மூச்சு விடு. லாரி வரவில்லை என்று சொல். வந்திருந்தால் படம் செத்துப்போயிருக்கும் என்று சொல். முள்தான் ஹீரோ என்று சொல். எல்லாம் அவரே சாப்பிடும்போது என்னிடம் சொன்னதுதான், அவருக்கு ஞாபகம் இருக்காது. மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்."

அதற்குக் கீழே, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்.

"நடுவில் தூக்கம் வந்தால் பயப்படாமல் தூங்கு. பத்தாவது நிமிஷத்திலிருந்து மாமாவும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்."