வெள்ளிப்பாறைக் காப்பி

"என்னய்யா பை இது, இப்படி ஒழுகுது?" என்றார் கண்டக்டர்.

செல்லக்கண்ணு மடியைப் பார்த்தான். 'வெள்ளிப்பாறை எஸ்டேட்' என்று நீல மையில் முத்திரை குத்திய துணிப்பை. அதன் அடியிலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்து, அவன் வேட்டியை நனைத்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரின் செருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"காப்பிங்க."

"காப்பியைப் பையிலயா ஊத்திக்கிட்டு வருவாங்க?"

"காப்பிப் பழங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காப்பி ஒரு பழத்துக்குள் இருந்து வருகிறது என்பது அதிலிருந்த பலருக்குப் புதுச் செய்தி. பை கூரைக்கு ஏற்றப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி வரை வெயில் அதன் மேல் காய்ந்தது.

காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரித்துவிட வேண்டும். மூடிக் கட்டி வெயிலில் வைத்தால் அதன் இனிப்பு புளிக்கத் தொடங்கும். செல்லக்கண்ணுவுக்கு இது தெரியும். ஆனால் இதைச் சொல்லிக் கண்டக்டரோடு வாதாடும் நிலையில் அவன் இல்லை.

அவன் அப்பா சின்னையா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். மார்கழி பிறந்தால் லீவு போட்டுவிட்டு, அறுவடை பார்க்க வெள்ளிப்பாறைக்கு ஏறிவிடுவார். திரும்பி வந்து அவர் தரும் காப்பியை உறையூரில் அவர்கள் தெருவே வந்து குடிக்கும். போன மார்கழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது தலைத்திவசம். ஒரு வருஷமாக எதுவும் கேட்காத அம்மா வெள்ளையம்மாள், ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

"அந்தக் காப்பியை வெச்சுப் படைக்கணும்ப்பா. வேற எது இல்லாட்டியும் பரவாயில்லை."

"அப்பா அதை எப்படிம்மா பண்ணுவாரு?"

"யாரு கண்டா? கொல்லைக் கதவைச் சாத்திக்குவாரு. கடைசியில, அரைச்சுட்டு வரேன்னு பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புவாரு. கூட வரேன்னா விட மாட்டாரு. திரும்பி வர்றப்ப தெரு முனையிலேயே மணக்கும்."

பஸ் ஏறுவதற்கு முன், மலையில் எஸ்டேட் கணக்குப்பிள்ளை அமிர்தசாமி அவனைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். ஒரே நிலத்தில் மூன்று விளைச்சல். உயரமான மரங்கள் நிழல் தருகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு மிளகுக்கொடி ஏறுகிறது. நிழலுக்குக் கீழே காப்பிச் செடி. ஈரமான பள்ளத்தில் மட்டும் ஏலக்காய். அது செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, வேரடியில் மண்ணோடு மண்ணாகக் காய்க்கிறது. குனிந்து எடுக்க வேண்டும். காப்பியில் ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். சிவப்பை மட்டும் திருகி எடுக்க வேண்டும். பச்சை சேர்ந்தால் காப்பி கடுக்கும்.

"காஞ்ச கொட்டையெல்லாம் லாரி ஏறி காபி போர்டுக்குப் போயிருச்சுங்க. அதை நாங்க வெளியில விக்கவும் முடியாது. பழமா வேணும்னா உங்க கையால பறிச்சுக்குங்க. உங்கப்பாவும் பழமாத்தான் கொண்டு போவாரு. தோலெடுக்கறதுலேர்ந்து தானே பண்ணினாத்தான் திருப்திம்பாரு. அந்தா, அந்த வரிசைதான் அவரு பறிக்கிறது."

செல்லக்கண்ணு அந்த வரிசையிலேயே பறித்தான். ஒரு பச்சைக் காயைக்கூடச் சேர்க்கவில்லை.

வீட்டில் பையை அவிழ்த்தபோது ஈக்கள் முந்திக்கொண்டன. எஸ்டேட்டில் தோலுரிக்க இயந்திரம் இருக்கிறது. இங்கே விரல்தான். பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு பாயும்.

"ஏங்க, கண்ணு போயிருக்கும்!" என்றாள் மனைவி மயிலம்மாள், நெற்றியைத் தேய்த்தபடி. "திவசம் மாமாவுக்கா, எனக்கா?"

கொட்டைமேல் ஒரு வழுவழுப்பு ஒட்டியிருக்கும். கொல்லையில் அண்டாத் தண்ணீரில் போட்டான்; ஒரு ராத்திரி ஊறினால் அது கழன்றுவிடும். காலையில் தொட்டுப் பார்த்தான், வழுக்கியது. இன்னும் ஒரு ராத்திரி விட்டான். அதுதான் பிசகு. ஏற்கெனவே பஸ்ஸில் புளித்தது இப்போது நுரைத்துப் பொங்கியது. பக்கத்து வீட்டு ரங்கநாயகி மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சிறிது நேரத்தில் ஏட்டு வீரமலை வந்தார். மதுவிலக்குக் காலம் அது.

"கொல்லையில என்ன ஊறுது?"

"காப்பிங்க."

"நானும் தினம் காப்பி குடிக்கிறவன்தான் தம்பி."

அண்டாவில் லத்தியை விட்டுக் கிளறினார். கொட்டைகள் மேலே வந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தார். சுவரில் மாலை போட்ட சின்னையா படத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"அவரு வீடா இது? ரெண்டு தடவை குடிச்சிருக்கேன். அந்த ருசியே வேற. சரி, தண்ணியைக் கொட்டுங்க. என் கண்ணு முன்னால கொட்டுங்க."

கொட்டினார்கள். தெருச் சாக்கடை முழுவதும் மணத்தது. ரங்கநாயகி வீட்டுச் சேவல் அதைக் குடித்துவிட்டு மத்தியானத்தில் கூவியது.

கழுவிய கொட்டை வெயிலில் ஒரு வாரமாவது காய வேண்டும். மாடியில் பரப்பினான், தூறல் போட்டது. கூடத்தில் பரப்பினான்; யாரும் நடக்க முடியவில்லை. திவசத்துக்கு முதல் நாளும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஈரக் கொட்டையை இரும்பு வாணலியில் போட்டு அடுப்பை எரித்தான்.

கொட்டையைச் சுற்றிக் காகிதம் மாதிரி ஒரு தோல் உண்டு. காய்ந்தபின் இடித்து அதை நீக்கிவிட்டுத்தான் வறுக்க வேண்டும். இவன் தோலோடு வறுத்தான். தோல் பற்றிக்கொண்டது. தண்ணீர் தெளித்தான், புகை கூடியது. புகை அடங்கியபோது வாணலியில் இருந்ததைக் கடித்துப் பார்த்தான். வெளியே கரி, உள்ளே பச்சை.

அம்மா கூடத்தில் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, நாளைக்கு வைக்கும் பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சாப்பா?"

"ஆச்சும்மா. அரைச்சுட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம்மா. நீங்க இருங்க."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சரி, போயிட்டு வா."

வாசலில் வந்து நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பாவுக்கு வைக்கும் முதல் படையலிலேயே ஏமாற்று. பழக்கறை போகாமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த எஸ்டேட் பையைத் திரும்பிப் பார்க்காமல், கரியைத் தூக்குவாளியில் எடுத்துப் போய் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொட்டினான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, இதுவரை தான் நுழைந்திராத ஒரு காப்பிக் கடையில் நுழைந்தான். கடைக்காரர் ஜெகபர் சாதிக் வறுத்த கொட்டையை மெஷினில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"சிக்கரி இல்லாம வேணுங்க," என்றான் செல்லக்கண்ணு மெதுவாக. "மலையில நாமளே பறிச்சு, நாமளே வறுத்த மாதிரி இருக்கணும்."

ஜெகபர் சாதிக் மெஷினை நிறுத்தினார். அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு டின்களிலிருந்து அள்ளிக் கலந்து அரைத்தார். அந்த மணம் வந்ததும் செல்லக்கண்ணு கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டான். அப்பா தெரு முனையில் திரும்பும்போது வரும் மணம்.

பொட்டலம் கட்டக் காகிதத்தை எடுத்த ஜெகபர் சாதிக், நினைவு வந்தவராகக் கையை நீட்டினார்.

"அந்த வெள்ளிப்பாறைப் பையைக் கொண்டு வரலியா தம்பி? உங்கப்பா வருஷா வருஷம் அதுலதானே கொட்டி வாங்கிட்டுப் போவாரு!"