போத்தோங் அண்ணனும் நான்கு சிலிண்டரும்

சொன்ன விலையைக் கொடுத்து ஒரு பொருளை வாங்கும் பாவத்தைச் செய்யாமலே ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கிள்ளான் ஆற்றின் இரண்டு கரைகளிலும் தேடினாலும், போத்தோங் அண்ணன் ஒருவர்தான். போத்தோங் என்றால் மலாயில் வெட்டு. கடைக்குள் நுழைந்ததும் வணக்கத்துக்குப் பதிலாக அவர் வாயில் வரும் சொல் அது. "எவ்வளவு போத்தோங்?" என்று முதலில் கேட்பார். பொருள் என்ன, விலை என்ன என்பதெல்லாம் அப்புறம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாருக்கும் அது நினைவில் இல்லை.

துறைமுகக் கிடங்கில் கிராணி வேலை, கணக்கெழுதும் உத்தியோகம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெயில் படிய வாரிய தலை, எப்போதும் பாதி மூடிய கண்கள். கண்ணை முழுதாகத் திறந்தால் கடைக்காரன் ஆசையைக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவானாம். பஸ் கண்டக்டரிடம், "உக்காராம நின்னுக்கிட்டே வரேன், கொறச்சுப் போடு" என்பார். டாக்டரிடம், "காய்ச்சல் நேத்தே பாதி எறங்கிருச்சு டாக்டர், மிச்சத்துக்கு மட்டும் பாருங்க" என்பார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கிழிப்பவரிடம், "நட்சத்திரம் மட்டும் சொன்னா போதும், பேரு வேணாம், அதுக்கு எவ்வளவு?" என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மனும் கேட்டிருப்பாள். அவளுக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வழியில்லை.

எண்பதுகளின் நடுவில் அவருக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வாரப் பத்திரிகைக் கட்டுகளைக் கடை கடையாகப் போடும் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். வேன் வைத்திருப்பவனுக்குப் பக்கத்து வீட்டில் போத்தோங் அண்ணன் இருந்தால், அது அவருடைய வேன்.

டெங்கிலில் அவர் தங்கை பாக்கியம் அக்கா இருந்தார். கணவர் இறந்தபோது அக்காவுக்கு விட்டுப்போனது ஒரு பழைய சிவப்பு டிராக்டர், ஒரு டிரெய்லர், தோட்டத்துச் செம்பனைப் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் காண்டிராக்ட். அக்கா யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. சேலைமேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தானே ஏறி ஓட்டினார். செம்பனைக்குப் பொறுமை கிடையாது. வெட்டிய குலை மறுநாளைக்குள் ஆலையைச் சேராவிட்டால் புளித்துப்போகும். அந்த டிராக்டர் முதலில் கறுப்பாக இருமியது, பிறகு நீலமாக இருமியது, ஒரு காலையில் ஏற்றத்தில் நின்றே போனது. தோட்டத்து மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னாராம்: "மாசக் கடைசி வரைக்கும் தோட்டத்து வண்டிய வச்சுப் பாக்கறேன்மா. அதுக்கு மேல லோரிக்காரனுக்குக் குடுத்திருவேன்."

தோட்டத்து மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, மெஷின் ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். எஞ்சினின் உடம்பை பிளாக் என்பார்கள். இரும்புக் கட்டி, அதில் நான்கு குழிகள், குழிக்கு ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். குழி தேய்ந்துவிட்டால் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் பலர் இதைச் செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அக்கா சேர்த்துவைத்திருந்த பணத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கண்ணன இந்த நாட்டுல ஒருத்தனும் ஏமாத்த முடியாது தம்பி."

உண்மைதான். ஏமாற்றுவதற்கு முதலில் அவரை எவனாவது உள்ளே விட வேண்டுமே.

முதல் கடை காப்பார் ரோட்டில். அதன் தவுக்கே, சீன முதலாளி, தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். பிளாக்கைத் தடவிப் பார்த்தார், குழிக்குள் அளவுக்கருவியை விட்டுப் பார்த்தார், ஒரு விலை சொன்னார். பிஸ்டன் உட்பட, எல்லா வேலையும் சேர்த்து. நியாயமான விலை. போத்தோங் அண்ணன் கண்ணைப் பாதி மூடினார்.

"மொத குழியும் கடைசிக் குழியும்தானே தவுக்கே தேஞ்சிருக்கு. நடுவுல ரெண்டும் நல்லாருக்கு. அத விட்டுருங்க."

"நாலும் ஒரே அளவா இருக்கணும் லா."

"வீட்டுல நாலு புள்ளைங்க. ரெண்டுக்குக் காய்ச்சல். நாலுக்குமா ஊசி போடுவீங்க?"

"நாலு கால் நாக்காலி. ரெண்டு கால மட்டும் வெட்டுவியா?"

அண்ணன் யோசித்தார். "வெட்டுனா எவ்வளவு கொறையும்?"

தவுக்கே என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அன்றைக்கு மழைக்கு முந்திய வெயில், ரோடு முழுதும் தகரத்தைப் போல மின்னிக்கொண்டிருந்தது. எங்காவது ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வேன் சாவி அவர் கையில்.

அதன்பிறகு நாங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கை அளந்தோம். பிரிக்பீல்ட்ஸ் பாலத்தடி, செராஸ் சந்துகள், வார்ப்பிரும்பு வாசனை அடிக்கும் இடம் எதுவும் பாக்கியில்லை. ஒவ்வொரு கடையிலும், "போன கடையில பாதி சொன்னான்" என்பார். போன கடையில் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. பிளாக் என் வேனில் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் ராஜாவாக உட்கார்ந்திருந்தது. அதன் எண்ணெய் கசிந்து, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பத்திரிகை வாங்கியவர்கள் அந்த வாரத் தொடர்கதையின் நாயகியைக் கன்னத்தில் கிரீஸோடுதான் சந்தித்தார்கள். மெஷின் ஷாப்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் பேசுவார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செராஸில் எங்கள் வேன் திரும்பியதுமே ஒரு கடையின் இரும்புக் கதவு கீழே இறங்கியது. பட்டப்பகல். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பயப்படறான்" என்றார் அண்ணன் திருப்தியாக. "நம்ம வெல அவனுக்குக் கட்டாதுன்னு தெரிஞ்சுபோச்சு."

நாட்கள் ஓடின. டெங்கிலிலிருந்து அக்கா எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுக் கேட்பார். "நடந்துக்கிட்டிருக்கு" என்பார் அண்ணன். நடந்துகொண்டிருந்தது உண்மை. நாங்கள்தான் நடந்துகொண்டிருந்தோம். தோட்டத்தில் ஒரு லோரி வந்து சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

மாறிய முகத்தோடு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கோ ஒரு உதிரிப்பாகக் கடையை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தனியாகப் போய், நான்கு பிஸ்டன்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தார். குழியை இன்னும் கடையவில்லை. எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று எவனும் முடிவு செய்யவில்லை. மாப்பிள்ளை பார்க்கும் முன்பே சீமந்தச் சேலை எடுத்துவந்த கதை.

"பாருங்க தம்பி" என்று என் வீட்டு வாசலில் கடைபரப்பினார். "நமக்கு வேண்டியதவிட ரெண்டு சைஸ் பெருசு. அதே காசு. பெருசு வாங்கறதுதான் புத்திசாலித்தனம்."

"சைஸ் சரியா இருக்கணும்ல அண்ணே?"

"ஸ்கூல் தொறக்கும்போது புள்ளைக்குச் சப்பாத்து எப்படி வாங்குவோம்? ஒரு சைஸ் பெருசா. முன்னாடி பஞ்ச அடைப்போம். வளர வளர எடுத்துருவோம். இதுவும் அப்படித்தான்."

இரும்பு எங்கே வளரும் என்று நான் கேட்கவில்லை. அந்த நம்பிக்கையின் முன்னால் கேள்விகள் கூசிப்போய் நின்றன. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன நாமெல்லோரும் படகு போன்ற சப்பாத்தை இழுத்துக்கொண்டு நடந்தவர்கள்தான். ஆனால் நம் பெற்றோர் யாரும் அந்த ஞானத்தை டீசல் எஞ்சினுக்குள் கொண்டுபோகவில்லை.

வேறு கதவு எதுவும் திறக்காததால் மறுபடி காப்பார் ரோட்டுக்கே போனோம். தவுக்கே பிஸ்டனை அளந்தார். குழியை அளந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த சைஸுக்குக் கடைஞ்சா செவுரு பப்படம் மாதிரி ஆயிரும். ஒடையும். ஒடையாம இருக்க உள்ள புதுசா இரும்புக் குழாய் எறக்கணும்னா, அதுக்குத் தனி வேலை, தனிக் காசு. பேசாம இத ஆத்துல போட்டுட்டு சரியான பிஸ்டன் வாங்கு."

"ஆத்துலயா? நான் காசு குடுத்து வாங்குனது."

"என்ன காசு குடுத்த?"

அண்ணன் சொன்னார்.

"அப்ப ஆத்துல போடு."

அந்தச் சமயத்தில்தான் பாக்கியம் அக்கா வந்து நின்றார். வீட்டுப் பக்கத்துக் கடையில் இடம் விசாரித்து, இரண்டு பஸ் மாறி, தோட்டத்து ரப்பர் பூட்ஸோடு. மாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. உள்ளே சுழன்றுகொண்டிருந்த மெஷின்களைப் பார்த்தார், கடை வாசலில் இன்னும் கடையாமல் உட்கார்ந்திருந்த பிளாக்கைப் பார்த்தார், பிஸ்டன்களை மடியில் வைத்திருந்த அண்ணனைப் பார்த்தார். குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே. லோரிக்காரன் மேனேஜர் ஆபீசுல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறான். நீங்க வெல பேசி முடிக்கறதுக்குள்ள அவன் ஏத்த ஆரம்பிச்சிருவான். எனக்குக் கொறைஞ்ச வெலை வேணாம். டிராக்டர் வேணும்."

அண்ணன் மடியிலிருந்த பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தார். மலிவாக வாங்கிய எதையும் அவர் கையிலிருந்து விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தவுக்கே எழுந்தார். "அக்கா, நீ போ. நான் செய்யறேன். சரியான பிஸ்டனுக்கு மட்டும் நீ காசு குடு. கடையற கூலி வேணாம். ஃப்ரீ. ஒரே கண்டிஷன். வேலை முடியற வரைக்கும் இந்த ஆள் என் கடைப்பக்கம் வரக்கூடாது. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு."

உலக வரலாற்றில் ஒரு மெஷின் ஷாப்காரர் தானாக வந்து கூலியைப் பூஜ்யமாக்கிய தருணம். போத்தோங் அண்ணனின் முழு ஆயுளும் இந்தப் பூஜ்யத்தை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை முழுதாகத் திறந்தார்.

"முடியாது" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, பேசாம இருங்க."

"நீ சும்மா இரு. தவுக்கே, ஓசியில செஞ்ச வேலைக்கு நாளைக்கு யாரப் புடிச்சுக் கேக்கறது? ஏத்தத்துல நின்னுபோச்சுன்னா எந்த வாயோட வந்து சண்ட போடுவேன்? காசு வாங்குங்க."

"சரி. அம்பது குடு."

"அம்பதா? அம்பது வெள்ளிக்கு அம்பது வெள்ளி வேலதான் செய்வீங்க. ஏத்துங்க."

"நூறு."

"இன்னும் ஏத்துங்க லா."

தவுக்கே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த அரை மணி நேரம் நடந்ததை எந்தக் காதும் அதற்கு முன் கேட்டிருக்காது. கடைக்காரர் கீழே இழுக்க, வாங்குபவர் மேலே தள்ள, ஒவ்வொரு வெள்ளியாக, வியர்க்க வியர்க்க. சண்டையின் உச்சத்தில், "நான் என்ன பிச்சைக்காரனா?" என்று அண்ணனே கேட்டார். பக்கத்துக் கடை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கடைசியில், பிஸ்டன் காசையும் சேர்த்து, தவுக்கே முதல் நாள் சொன்ன அதே விலையில் வந்து நின்றது. அதற்கு மேல் பத்து வெள்ளி, அவசர வேலைக்காக. ஊரெல்லாம் சுற்றி, கதவெல்லாம் தட்டி, மாசத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அதிக விலை கொடுத்த வாடிக்கையாளர் ஆனார் போத்தோங் அண்ணன். இதற்குப் பெயர் சாமர்த்தியம் என்றால், சாமர்த்தியத்தை ஆற்றில் போடலாம்.

வெளியே வரும்போது சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, "அதையாவது குடுங்க" என்றார். பாதிக்கு மேல் கிழிந்துபோன காலண்டர். தவுக்கே கழற்றிக் கையில் கொடுத்தார். ஆணியையும் சேர்த்து.

மாசம் முடிவதற்கு முந்திய நாள் சிவப்பு டிராக்டர் ஒரு இருமல்கூட இல்லாமல் தோட்டத்து ஏற்றத்தில் ஏறியது. மேனேஜர் பார்த்தார். லோரிக்காரன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

பிளாக்கோடு டெங்கிலுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. புதிதாகக் கடைந்த எஞ்சினுக்கு முதல் சில வாரம் குறைந்த சுமைதான் ஏற்ற வேண்டும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அக்காவுக்கு அவசரம், நின்றுபோன நாட்களின் வரும்படியை ஈடுகட்ட வேண்டும். அதனால் துறைமுகத்தில் லீவு போட்டுவிட்டு, கஞ்சிச் சட்டையோடு டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பழம் ஏற்றும் ஆட்களிடம் ஒவ்வொரு குலைக்கும் சண்டை.

"அந்தக் குலைய எறக்குப்பா."

"ஒண்ணுதானே கிராணி?"

"ஒண்ணுதானே, எறக்கு."

வேன் சுற்றியதற்குப் பெட்ரோல் காசு கேட்கத்தான் நான் ஒருநாள் டெங்கிலுக்குப் போனேன். டிரெய்லரில் ஏறிப் பழக்குலைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அக்கா வண்டியை எடுத்தார். வரிசை வரிசையாகச் செம்பனை, அதன் நிழல்கள் எங்கள்மேல் ஏறி இறங்கின, முள் குத்தியது. முன்னால் போத்தோங் அண்ணன், தூங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்பவரைப் போலத் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு பள்ளம் வந்தபோது அவர் கை தானாக நீண்டு தங்கையின் தோளைப் பிடித்தது. பள்ளம் தாண்டியபிறகும் எடுக்கவில்லை. ஆலை வாசல் வந்தது. நான் காசும் கேட்கவில்லை, இறங்கவும் இல்லை.