தனசேகரன் இல்லாத ஆலை

தாம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் உலகம் நின்றுவிடும் என்று மனதார நம்புகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைப் பிடுங்கிப் பரிமாறுவதும், பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்று ‘வா, வா’ என்று தட்டுவதும் இவர்கள்தான். யாராவது கூப்பிட்டார்களா? அதைக் கேட்காதீர்கள். இந்த இனத்தில் தியாகதுருகத்து தனசேகரன் உயர்ந்த ரகம்.

ஆப்பிரிக்காவில் ஒரு சர்க்கரை ஆலையை நிறுவித் தர மூன்று மாத பிசினஸ் விசாவில் போனார். வேலை இழுத்தது. அங்கிருந்தபடியே விசாவை இரண்டு முறை நீட்டித்தார்கள். ஒவ்வொரு முறையும் மனைவி ராதிகாவுக்குப் போன் வரும்.

“இன்னா பண்றது ராதிகா, வுட மாட்டேங்கிறானுங்க. நான் இல்லன்னா பாய்லர்ல புகைகூட வராது.”

குரலில் சலிப்பு. சலிப்புக்கு அடியில் பாயசம்.

அடுத்த நீட்டிப்புக்கு ஊருக்குப் போய்த்தான் மனுப்போட வேண்டும் என்றது கம்பெனி. வந்தார். எந்த நிமிஷம் கூப்பிடுவார்களோ என்று பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. லுங்கியை மட்டும் உருவிக்கொண்டார்.

சும்மா இருக்கிற இனமா? வீட்டை நடத்தத் தொடங்கினார். அவர் இல்லாதபோது ராதிகா எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி, மகள் அபிநயாவைக் கல்லூரியில் சேர்த்து, உள்ளூர் ஆலையில் தங்கள் வயல் கரும்புக்கு வெட்டு உத்தரவும் வாங்கி வைத்திருந்தாள். மோட்டார் ஸ்டார்ட்டரை ஏன் இடப்பக்கம் மாட்டினாய் என்று கேட்டு வலப்பக்கம் மாற்றினார். அன்று முழுக்கத் தண்ணீர் வரவில்லை. கரும்பு வெட்ட வந்தவர்களுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். வெட்டு ஆட்களின் மேஸ்திரி முனியன் ராதிகாவிடம் தனியாக வந்தார்.

“ஏம்மா, அய்யாவுக்கு விசா எப்பம்மா வருது? ஆளுங்க ரிஷிவந்தியம் பக்கம் போறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க.”

ஆட்கள் போய்விட்டால் கரும்பு வயலிலேயே காய்ந்துவிடும். ராதிகா யாருக்கும் தெரியாமல் அந்த விசாவுக்கு வேண்டிக்கொண்டாள்.

அன்று மாலை ஆப்பிரிக்காவிலிருந்து உதவியாளன் பிரவீன்குமார் கூப்பிட்டான்.

“சார், பாய்லர் பத்த வெச்சாச்சு சார். சர்க்கரையே வந்துடுச்சு!”

“யாரக் கேட்டுடா பத்த வெச்ச?”

“நீங்க ரெஸ்ட்ல இருக்கீங்களேன்னு…”

தனசேகரன் போனைக் கவிழ்த்து வைத்தார். குழம்பில் உப்பு குறைவு என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். ராதிகாவுக்குப் பயமாகிவிட்டது.

மறுவாரம் விசா வந்தது.

“போவணுமா ராதிகா? அங்கதான் எல்லாம் ஓடுதே. இங்கயே இருந்து வெட்டு வேலயப் பாத்துக்கறனே.”

வாசலில் நின்ற முனியனின் முகம் கறுத்தது. ராதிகா ஒரு நொடி கணவரைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

“ஓடுனா ஆச்சாங்க? நின்னுட்டா அங்க யாரு இருக்கா? உங்க கை படாம அது எத்தினி நாளைக்கி ஓடும்?”

அவர் நிமிர்ந்தார். “அதான பாத்தேன்!” லுங்கி பெட்டிக்குள் போனது.

பஸ் ஜன்னலிலிருந்தும் குரல் வந்தது. “நான் சொல்லாம மோட்டார தொடாத!”

பஸ் கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் ஸ்டார்ட்டர் இடப்பக்கம் வந்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அடுத்த முறை நீங்கள் வெளியூர் கிளம்பும்போது, ‘நீங்க இல்லாம ரொம்பக் கஷ்டங்க’ என்று சொல்லிக்கொண்டே யாராவது உங்கள் பெட்டியை உங்களுக்கு முன்னால் தூக்கி வாசலில் வைக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.