எரிய மறுத்த எல்.இ.டி.

அன்பும் விற்பனைத் திறமையும் நிரம்பிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டியதைத் தவிர வேறெந்தத் துணிச்சலான காரியமும் செய்திராத எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் லேப்பைத் தவிர.

தாங்கள் எங்கள் கல்லூரிக்கு இலவசமாகத் தந்த, திரையிலேயே சர்க்யூட் கட்டிப் பார்க்கும் மென்பொருள் பாடம் நடத்த உதவுமா என்று பார்த்து அறிக்கை தரும் வேலையை பிரின்சிபால் என் தலையில் கட்டினார். பார்த்தேன். அடடா! அதில் வயர் அறுவதில்லை, பேட்டரி தீர்வதில்லை, யாருக்கும் கை சுடுவதில்லை. சொர்க்கத்தில் இப்படித்தான் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துவார்கள் போலிருக்கிறது. பிரின்சிபால் வேடிக்கை பார்க்க வந்த அன்று ஒரு மாணவன் கரண்டை அடக்கிவைக்கும் ரெசிஸ்டரே போடாமல் எல்.இ.டி.யை நேராக பேட்டரியில் மாட்டினான். ஒரு தெருவையே கொளுத்தும் அளவுக்கு கரண்ட் ஓடுவதாகத் திரை காட்டுகிறது; எல்.இ.டி.யோ புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறது. பயல் அதே தைரியத்தில் மேசைக்குப் போய் நிஜமாகவே மாட்டினான். பட்டென்று வெடித்து, சில்லு பிரின்சிபாலின் டீயில் விழுந்தது. "கம்ப்யூட்டர்ல எரியலையே சார்"னு அவன் முழிக்கிறான். இப்பவாவது மனுஷனுக்குப் புரியும்னு பார்த்தா, அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க வாங்குற எல்.இ.டி. தரமில்ல. லேப்பை மூடிட்டு மீட்டிங் ஹால் ஆக்கிடலாம்." ஒவ்வொரு மேசைக்கும் நானே வயர் இழுத்த லேப்புடா அது! உங்க அக்காகிட்ட புலம்பினா, "என் தம்பி முன்னுக்கு வந்தா உங்களுக்குப் பொறுக்காதே"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறா; அன்னையிலிருந்து சாப்பாட்டுல உப்பில்ல. அதனால, 'எதற்கும் உதவாத சரக்கு'ன்னு அறிக்கை எழுதிட்டேன். நீயும் பேசாம மிக்சி விக்கப் போ, மாப்ளே. அது கெட்டுப்போனா புகையாவது வரும்.

மேன்மேலும் விற்று, என் கண்ணில் மட்டும் படாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: அந்த அறிக்கையைக் கிழிச்சாச்சு. ஈயத்தை உருக்கி ஒட்டுற சால்டரிங் அயர்னைக் கண்டாலே கடைசி பெஞ்சுல ஒளியுற மாணவி ஒருத்தி, உன் மென்பொருள்ல ஆம்ப்ளிஃபையரைத் தப்புத் தப்பா போட்டுப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. இன்னைக்கு அவளாவே மேசைக்கு வந்து அதைக் கட்டி முடிச்சா. ஸ்பீக்கர்ல அவ குரல் கணீர்னு வந்தது. "கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க சார்"ங்கிறா. மென்பொருளும் வேணும், லேப்பும் வேணும்னு புதுசா எழுதிக் கொடுத்துட்டேன். அவ குரலைக் கேட்ட பிரின்சிபால் மீட்டிங் ஹாலுக்கு வேற ரூம் பார்க்கிறார். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. உங்க அக்காகிட்ட விஷயத்தை நீயே சொல்லு. உன்னை நான் பாராட்டினேன்னு என் வாயால சொன்னா நம்ப மாட்டா.